வாக்குத்தத்த அட்டை பொய்யாகிவிட்டதா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 46, அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. ஒரே மகன், பிளஸ் டூ படிக்கிறான். இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேதவசனம் அச்சிட்டு, தட்டில் வந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை அவருடைய கணவர் எடுத்தார். "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்" என்ற சங்கீதம் 91:16 வந்தது. அப்போது அவருக்குக் கணையப் புற்றுநோய்க்கு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. குடும்பமே கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னது. ஏப்ரலில் அவர் இறந்துபோனார்.

அதன் பிறகு இந்தச் சகோதரியால் வேதாகமத்தைத் திறக்க முடியவில்லை. அந்த அட்டை இன்னும் கணவருடைய பைபிளுக்குள் இருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவர் "விசுவாசம் குறைவாயிருந்திருக்கும்" என்றார். இன்னொருவர் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றார். வீட்டு ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவர், இது முன்னோர் சாபம், மகனையும் தொடரும், இரண்டு வளையலை விசுவாசக் காணிக்கையாகக் கொடுத்தால் முறியும் என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்றும் அவரே சொல்ல, ஐந்து மாதமாக எடுத்துவந்த மாத்திரையைச் சகோதரி மூன்று வாரத்துக்கு முன் நிறுத்திவிட்டார். இப்போது தலைசுற்றல், தூக்கமில்லை, தலைக்குள் கரண்ட் அடிப்பது போல ஓர் உணர்வு. இதுவும் சாபம்தானோ என்று பயப்படுகிறார்.

கர்த்தர்மேல் எனக்குக் கோபம் வருகிறதே, அது பாவமா? எந்த வசனத்தைப் படித்தால் ஆறுதல் கிடைக்கும்? வரப்போகும் டிசம்பர் 31 ஆராதனைக்கு எப்படிப் போவேன்? இவை அவருடைய கேள்விகள். கடைசி வரி: "காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் சொல்வதுபோல அதை எழுதியிருக்கிறீர்கள். துக்கத்தில் இருக்கும் பலர் இப்படிச் சொல்வதுண்டு, பெரும்பாலும் அது களைப்பின் பேச்சுதான். சிலருக்கு அதைத் தாண்டியும் எண்ணம் போயிருக்கும். அதனால் நேராகவே கேட்கிறேன்: உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? ஆம் என்றால் இதை இத்தோடு நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மனஸ் உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். கூடவே, நீங்கள் நம்பும் ஒருவரிடம் "இன்று இரவு என்னோடு வந்து படு" என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நான் மனநல ஆலோசகர், போதகர் இல்லை. ஆனால் உபதேசியார் வீட்டுப் பிள்ளை. நீங்கள் வசனத்தோடு கேட்டிருப்பதால் வசனத்தோடேயே பேசுகிறேன்.

உங்கள் கடைசி வரியைக் கிட்டத்தட்ட அப்படியே சொன்ன ஒருவர் வேதத்தில் இருக்கிறார். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் வருகிறான். விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் அதற்கும் கோபிக்கவில்லை. தூங்கவிட்டு, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், போகவேண்டிய தூரம் அதிகம் என்று. மனச்சோர்வில் இருப்பவரை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று நான் பயிற்சியில் படித்ததெல்லாம் ஏறக்குறைய இந்த நாலு வசனத்துக்குள் அடங்கிவிடும்.

மாத்திரை விஷயம்

இதைத் தள்ளிப்போட முடியாது, அதனால் இரண்டாவதாக வைக்கிறேன். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றை மாதக்கணக்கில் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், சில நாளிலேயே தலைசுற்றல், தூக்கக் குலைவு, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். நீங்கள் எழுதியிருப்பது அந்தப் பட்டியலேதான். மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இது. சாபத்தின் அடையாளம் என்று நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. அதற்காக நீங்களாகவே பழைய அளவில் மறுபடி ஆரம்பித்துவிடவும் வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரை இந்த வாரமே பாருங்கள், நிறுத்திய தேதியைச் சொல்லுங்கள். பழைய இடத்துக்குப் போகக் கூச்சமாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பிறகு ஒருநாள் நிறுத்தத்தான் போகிறீர்கள் என்றாலும் அவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அவிசுவாசம் என்றாரே, அதற்கு ஒரு பதில். எசேக்கியா ராஜா சாகக் கிடக்கிறார். ஆண்டவரே 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக்கொடுப்பதாகச் சொல்லியாயிற்று. அதற்கு மேல் என்ன வாக்குத்தத்தம் வேண்டும்? ஆனாலும் ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் (ஏசாயா 38). பவுல் தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாகச் சாதாரணமாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவரிடம் யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை. மூளைக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

அட்டையில் வந்த வசனம்

உங்கள் துக்கத்துக்குள் இன்னொரு துக்கம் இருக்கிறது. கணவர் போனது ஒன்று. ஆண்டவர் வாக்கு மாறிவிட்டார் என்பது இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கும் வழக்கம் பழையது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொரேவிய சபையார் 1731 முதல் வருடந்தோறும் அப்படித் தொகுத்து அச்சிட்டு வருகிறார்கள். அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து தியானிக்க ஒரு வசனம், அவ்வளவுதான். இந்த ஆளுக்கு இந்த வருடம் இப்படி நடக்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. நம் ஊரில் அது மெல்ல மெல்ல வருட பலனாக மாறிவிட்டது. கிளி எடுத்துக்கொடுக்கும் சீட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் கேட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி அந்த 91-ஆம் சங்கீதத்துக்கு வருவோம். அதை ஓர் உத்தரவாதப் பத்திரமாக எடுத்து நீட்டியவன் ஒருவன் வேதத்திலேயே இருக்கிறான். மத்தேயு 4-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பிசாசு இயேசுவை தேவாலயத்து உப்பரிகையின்மேல் நிறுத்தி, தாழக் குதியும் என்கிறான். உமது பாதம் கல்லில் இடறாதபடி தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். எழுதியிருப்பது இதே சங்கீதத்தில், 11, 12-ஆம் வசனங்களில். உங்கள் கணவருக்கு வந்ததற்கு நாலு வசனம் முன்னால். இயேசு குதிக்கவில்லை. தேவனைப் பரீட்சை பாராதே என்று மறுத்துவிட்டார். அப்படி மறுத்தவருக்கு நீடித்த நாட்களும் கிடைக்கவில்லை. ஏறக்குறைய முப்பது வயதில் ஊழியம் தொடங்கி, சில வருடங்களிலேயே சிலுவையில் இறந்தார். ஆண்டவருடைய சொந்தக் குமாரனுக்கே நீண்ட ஆயுளாக நிறைவேறாத ஒரு வசனம், உங்கள் வீட்டில் அப்படி நிறைவேறாததால் உங்கள் கணவருடைய விசுவாசம் குறைவு என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பே கண்டுபிடித்திருக்கலாமோ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கணையத்தில் வரும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வெளியே தெரியும். ஆரம்பத்தில் வயிற்று உபாதை மாதிரியே இருக்கும். நீங்கள் கவனிக்கத் தவறியதாக எனக்குத் தோன்றவில்லை.

காலண்டர்களில் அதிகம் வரும் இன்னொரு வசனம் எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". அது பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவில் இருக்கிறது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது உங்கள் வயதில் இருந்தவர்கள் யாரும் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது ஐந்தாம் வசனத்தில் இருக்கிறது: வீடு கட்டி, குடியிருந்து, தோட்டம் போட்டு, அதன் கனியைச் சாப்பிடுங்கள். அட்டையாகக் கத்தரித்தால் இதெல்லாம் கீழே விழுந்துவிடும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: இனிமேல் வசனம் வசனமாகத் தேடாதீர்கள். அதிகாரமாகப் படியுங்கள்.

கோபம்

கர்த்தர்மேல் கோபம் பாவமா என்று கேட்டீர்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று உங்களிடம் சொன்னார்களே, அதைச் சொன்னது யோபு. தன்னைப் பற்றித் தானே சொன்னது. வேறு யாரும் யோபுவிடம் அதைச் சொல்லவில்லை. மூன்றாம் அதிகாரத்துக்கு வந்தால் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் இராப்பகலாகத் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் கெட்டது. முடிவில் ஆண்டவர் யாரைக் கடிந்துகொள்கிறார்? அவ்வளவு கசப்பாகப் பேசிய யோபுவை அல்ல. அந்தச் சிநேகிதர்களில் ஒருவரான எலிப்பாசைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார்.

நகோமியும் உங்களைப் போலக் கணவரை இழந்தவள்தான். பெத்லகேமுக்குத் திரும்பி வந்து, ஊர்ப் பெண்கள் கூடி நிற்க, என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறாள். யாரும் அவளைத் திருத்தவில்லை. லாசரு இறந்தபோது மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே குறையைத்தான் சொன்னார்கள்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். அதற்குக் கொஞ்சம் பின்னால்தான் "இயேசு கண்ணீர்விட்டார்" என்று வருகிறது.

என் அப்பா துக்க வீடுகளுக்குப் போகும்போது சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த கடுங்காப்பியைக் குடித்து, ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டு எழுந்துவிடுவார். ஏன் என்பதற்கு விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போது அவருக்குப் பேசத் தெரியவில்லை என்று நினைத்தேன்.

விசுவாசம் குறைவு, முன்னோர் சாபம், வளையல்

நம் பக்கத்து டோனாவூரில் குழந்தைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். இருபது வருடம். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாராவது வாய் திறப்பார்களா? பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்பதுதான் இயேசுவின் பதில் (யோவான் 9). முன்னோர் சாபம் பிள்ளையைத் தொடரும் என்பதற்கு எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் முழுவதும் மறுப்பு. "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று வெட்ட வெளிச்சமாக இருக்கிறது.

இதை உங்கள் மகனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னவர்கள் சத்தமாகத்தானே சொன்னார்கள்? பதினேழு வயதுப் பையன், அப்பாவுக்கு விசுவாசம் குறைவு, அடுத்தது நான் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கலாம். அவன் முன்னால் நீங்கள் அழுவதிலும் தவறில்லை.

வளையலைக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. ஏழை விதவை இரண்டு காசு போட்டதைச் சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மாற்கு 12-இல் அந்தக் காட்சி 41-ஆம் வசனத்தில் தொடங்குகிறது. 40-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படியுங்கள்: விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிறவர்களைப் பற்றி இயேசு எச்சரிக்கிறார். "கொடுத்தால் முறியும்" என்று விலை சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். நேரில் மறுக்கச் சங்கடமாக இருந்தால், "பையன் காலேஜ் செலவு இருக்கிறது, எங்க சபை ஐயரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஏற்கெனவே ஏதாவது பொருத்தனை செய்து, அதை மீறினால் என்ன ஆகுமோ என்று பயமிருந்தால், உங்கள் சேகரத்துப் போதகரான ஐயரிடம் உண்மையிலேயே பேசிவிடுங்கள். வீட்டுக்குள் வைத்து அரற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

எதைப் படிப்பது?

முதலில், படிக்கத்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னும் மூன்று மாதம் திறக்க முடியாவிட்டால் திறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பாட வராவிட்டால் பாட வேண்டாம்.

படிக்கலாம் என்று தோன்றும் நாளில், சந்தோஷமான பகுதிகளில் தொடங்காதீர்கள். அவை இப்போது எரிச்சலைத்தான் கிளப்பும். சங்கீதம் 13, ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அதையே ஒரு வாரம் படிக்கலாம், உரக்க, உட்கார்ந்த இடத்தில், ஐந்து நிமிடம். இரவில் படுக்கையில் வேண்டாம், தூக்கம் கெடும். அப்புறம் சங்கீதம் 88. வேதத்திலேயே இருண்ட சங்கீதம் அதுதான் என்பேன். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற இடத்திலேயே நின்றுவிடும். யாரோ ஒருவர் அப்படி ஜெபித்தார், யாரும் அதற்கு நல்ல முடிவு எழுதி ஒட்டவில்லை, அப்படியே கோவில் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆறுதல் என்றால் எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் தெரியாது.

ரூத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்துப் படியுங்கள். நகோமியின் கசப்புக்குப் பதிலாக வானத்திலிருந்து சத்தம் எதுவும் வருவதில்லை. சாயங்காலம் மருமகள் ஒரு மடி வாற்கோதுமையோடு வீட்டுக்கு வருகிறாள். பிறகு, புலம்பல் 3. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று எல்லாரும் பாடும் வசனம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் 8-ஆம் வசனத்தில், நான் கூப்பிட்டுக் கதறினாலும் என் ஜெபத்துக்கு வழியை அடைத்துப்போடுகிறார் என்று அதே ஆள்தான் சொல்கிறார். இடிந்த ஊருக்குள் உட்கார்ந்து எழுதியது அது.

23-ஆம் சங்கீதம் அடக்க ஆராதனையில் வாசித்ததால் கேட்கவே முடியவில்லை என்கிறீர்கள். சரி, விட்டுவிடுங்கள். எப்போதாவது திரும்பிப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். புல்லுள்ள இடங்களிலும் அமர்ந்த தண்ணீர்கள் அண்டையிலும் ஆண்டவர் "அவர்". மரண இருளின் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று நேரே பேச்சு மாறிவிடுகிறது. அங்கே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நிலைமை இல்லை போலும்.

கடைசியாக டிசம்பர் 31. போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள். மகனோடு, வாசல் பக்கமாக உட்காருங்கள். அட்டைத் தட்டு வரும்போது எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடலாம், இருட்டில் யாரும் கவனிக்கப் போவதில்லை. அவன் எடுக்க விரும்பினால் எடுக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் அந்த வசனம் எந்த அதிகாரத்தில் இருக்கிறதோ அதை இரண்டு பேரும் முழுவதுமாக ஒருமுறை வாசித்துவிடுங்கள். அப்பாவின் பைபிளிலேயே வாசிக்கலாம். அதற்குள் இருக்கும் பழைய அட்டையைக் கிழிக்கவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். அது அவர் கைப்பட எடுத்தது, இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மருத்துவரைப் பார்த்ததும் இரண்டு வரி எழுதுங்கள்.